வடித்துக் கொட்டாதீர்கள், பார்லியை!

தேங்காயை உடைத்து, தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு, காயைக் குப்பையில் எறிகிறவரைப் பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒருவர் இருந்தால் ஊரே சிரிக்கும்.

ஆனால் பார்லி விஷயத்தில் நம் மதுரையில் பல வீடுகளில் அதுதான் நடக்கிறது. பார்லியைக் காசு கொடுத்து வாங்குகிறோம். தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைக்கிறோம். வடிகட்டுகிறோம். தண்ணீரை டம்ளரில் ஊற்றி வியாதிக்காரருக்குக் கொடுக்கிறோம். வெந்த பார்லியைக் குப்பையில் கொட்டுகிறோம்.

எங்கள் வீட்டிலும் ஒரு வருட காலம் இதுதான் நடந்தது. அதனால் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பார்லியைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

அண்ணாச்சி சொன்னது

கீழமாசி வீதியில் ஒரு மளிகைக் கடை. சாக்குகளில் பருப்பு வகைகள். அவற்றின் நடுவே வெள்ளை வெளேர் என்று பார்லி அரிசி. ஒவ்வொரு மணியின் வயிற்றிலும் ஒரு கோடு.

"அண்ணாச்சி, பார்லி போகிறதா?" என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது தம்பி. முன்னெல்லாம் காய்ச்சல்காரங்க வாங்குவாங்க. நீர்க்கடுப்பு வந்தா வாங்குவாங்க. மாசமா இருக்கிற பொண்ணுங்களுக்குக் கால் வீங்கினா வாங்குவாங்க. இப்ப சர்க்கரைக்காரங்கதான் அதிகமா வாங்குறாங்க" என்றார்.

"எப்படிச் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம்?"

அண்ணாச்சி சிரித்தார். "சமைக்கிறதா? தண்ணி காய்ச்சிக் குடிக்கிறாங்க, அவ்வளவுதான்!"

கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வாங்குகிற நமக்குத்தான் தெரியவில்லை.

வால் உள்ள கோதுமை

பார்லிக்குத் தமிழில் "வாற்கோதுமை" என்று பெயர். கதிரில் நீண்ட கூந்தல் போல வால் நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்தப் பெயர். வடமொழியில் "யவம்". இந்தியில் "ஜௌ".

சிலர் குதிரைவாலிதான் பார்லி என்று நினைக்கிறார்கள். அது தவறு. குதிரைவாலி நம் ஊர்ச் சிறுதானியம். பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் விளைகிறது. மதுரை விவசாயக் கல்லூரியிலேயே அதற்குப் புது ரகம் கண்டுபிடித்திருக்கிறார்கள். நல்ல தானியம்தான். ஆனால் பார்லி வேறு, குதிரைவாலி வேறு.

மேற்கு ஆசியாவில் பார்லியை ஏறத்தாழ 10 ஆயிரம் ஆண்டுகளாகப் பயிரிட்டு வருகிறார்கள். மனிதன் முதன்முதலில் விதைத்துப் பழகிய தானியங்களில் அதுவும் ஒன்று. ரோமாபுரியில் வாள் சண்டை செய்த வீரர்களுக்கு "பார்லிக்காரர்கள்" என்றே பட்டப்பெயர் இருந்தது. பார்லி நோயாளிகளின் ஆகாரம் என்று யார் சொன்னது?

இந்தியாவில் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் குளிர் காலத்தில் விளைகிறது. அங்கே அதை வறுத்து மாவாக்கிச் சாப்பிடுகிறார்கள். நம் தமிழ்நாட்டில் நீலகிரி மலையில் படகர்கள் பார்லி பயிரிட்டு வந்தார்கள். மதுரை வெயிலுக்கு அது ஒத்து வராது. எனவே நமக்கு அது கடைச் சரக்காக மட்டுமே அறிமுகமானது. டப்பாவில் வந்த சீமைச் சரக்காகவும் வெகுகாலம் இருந்தது. அதனால்தானோ என்னவோ, நாம் அதை மருந்தாக நினைத்தோம். ஆகாரமாக நினைக்கவில்லை.

இரண்டு வகை நார்

இப்போது விஷயத்துக்கு வருவோம். பார்லியில் அப்படி என்ன இருக்கிறது?

நார்ச்சத்து இருக்கிறது.

நார் என்றதும் வாழை நாரை நினைக்காதீர்கள். தானியங்களிலும் காய்களிலும் நம் குடலால் ஜீரணிக்க முடியாத பகுதிக்குத்தான் நார்ச்சத்து என்று பெயர். அது இரண்டு வகை.

ஒன்று, தண்ணீரில் கரையாத நார். கோதுமைத் தவிட்டில் இருப்பது பெரும்பாலும் இது. மலச்சிக்கலைப் போக்கும்.

மற்றொன்று, தண்ணீரில் கரையும் நார். இது தண்ணீரோடு சேர்ந்து வழவழவென்று கூழ் போல ஆகும். வெண்டைக்காயை நறுக்கும்போது விரலில் ஒட்டுகிறதே, ஊறிய வெந்தயம் வழுக்குகிறதே, அந்த வழவழப்பு இந்த வகையைச் சேர்ந்ததுதான்.

பார்லியில் உள்ள கரையும் நாருக்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பெயர் "பீட்டா குளூக்கான்". பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். "பார்லி வழவழப்பு" என்று நினைத்துக்கொண்டால் போதும்.

ஐதராபாத்தில் தேசிய சத்துணவு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நம் நாட்டு உணவுப் பொருள்களை எல்லாம் பரிசோதித்து 2017-ல் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதன்படி 100 கிராம் பார்லியில் ஏறத்தாழ 15½ கிராம் நார் இருக்கிறது. அதில் 5½ கிராமுக்கு மேல் கரையும் நார்.

100 கிராம் தீட்டிய பச்சரிசியில்? மொத்த நாரே 3 கிராமுக்கும் குறைவு. கரையும் நார் ஒரு கிராம் கூட இல்லை!

இன்னொரு விசேஷமும் உண்டு. அரிசியில் நார் பெரும்பாலும் தவிட்டில் இருக்கிறது. ஆலையில் தீட்டினால் போய்விடுகிறது. பார்லியில் பீட்டா குளூக்கான் மணி முழுவதும் பரவி இருக்கிறது. ஆகவே கடையில் கிடைக்கும் தீட்டிய பார்லியிலும் அது கணிசமாகத் தங்கி இருக்கிறது.

ஜிகர்தண்டா பாடம்

இந்த வழவழப்பு உடம்பில் என்ன செய்கிறது? மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம்.

விளக்குத்தூண் பக்கம் போய் ஜிகர்தண்டா சாப்பிட்டிருப்பீர்கள். அதில் போடுகிற பாதாம் பிசினை நினைத்துப் பாருங்கள். இரவில் இரண்டு துண்டு ஊறப் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்து நிற்கும். தண்ணீரை இழுத்து, பருத்து, கூழாகிவிடும். பிசின் வேறு, பார்லி வேறு. ஆனால் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும் குணம் இரண்டுக்கும் உண்டு.

(ஜிகர்தண்டாவில் பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் இருக்கின்றன. "பிசினுக்காகச் சாப்பிடுகிறேன்" என்று சர்க்கரை வியாதிக்காரர்கள் சாக்குச் சொல்ல வேண்டாம்!)

பார்லி வயிற்றுக்குள் போனதும் இப்படித்தான் கூழாகிறது. அந்தக் கூழ் மூன்று வேலைகளைச் செய்கிறது.

முதல் வேலை: சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதை மெதுவாக்குகிறது.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாத் தெருக்களையும் திறந்துவிட்டால் கூட்டம் ஒரே நேரத்தில் வைகையில் வந்து குவியும். கட்டை கட்டி வரிசையாக விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். வெறும் வெள்ளைச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை கூட்டமாக ரத்தத்தில் குவிகிறது. பார்லிக் கூழ் அதை வரிசையில் நிறுத்துகிறது.

இரண்டாவது வேலை: கொழுப்பைக் குறைக்கிறது.

ஈரல் பித்தநீரைச் சுரக்கிறது. பித்தநீரைத் தயாரிக்க ஈரலுக்குக் கொலஸ்ட்ரால் என்ற கொழுப்பு வேண்டும். சுரந்த பித்தநீரில் பெரும் பகுதி குடலிலிருந்து திரும்பவும் ஈரலுக்கே வந்து சேர்ந்துவிடும். பார்லிக் கூழ் வழியில் நின்று அதில் ஒரு பகுதியைப் பிடித்து மலத்தோடு வெளியே அனுப்பிவிடுகிறது. ஈரல் சும்மா இருக்குமா? புதுப் பித்தநீருக்காக ரத்தத்தில் உள்ள கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் கெட்ட கொழுப்புக் குறைகிறது. இருதயத்துக்கு நல்லது.

மூன்றாவது வேலை: பெருங்குடலில் வசிக்கும் நுண்ணுயிர்களுக்கு இது ஆகாரமாகிறது. அவை இதைப் புளிக்க வைத்துச் சில அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் குடலின் சுவரைப் போஷிக்கின்றன.

கவனித்தீர்களா? முதல் இரண்டு வேலைகளையும் செய்வது அந்தக் கூழ்தான். நாம் குப்பையில் கொட்டுகிற வெந்த மணிகளில்தான் அதில் பெரும் பகுதி இருக்கிறது!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

எவ்வளவு சாப்பிட்டால் பலன்?

தினம் 3 கிராம் பீட்டா குளூக்கான் வேண்டும் என்பது அமெரிக்க அரசாங்கத்தின் உணவு, மருந்து இலாகா ஏற்றுக்கொண்ட கணக்கு. 1997-ல் ஓட்ஸுக்கு இந்தப் பெருமையைக் கொடுத்தார்கள். 2006-ல் பார்லிக்கும் கொடுத்தார்கள். "இருதய நோய் வரும் அபாயத்தைக் குறைக்கக் கூடும்" என்று பார்லிப் பொட்டலத்தின் மேல் அச்சிட்டுக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். 2012-ல் கனடாவும் ஒப்புக்கொண்டது.

சாதாரணமாகப் பார்லியில் 100-க்கு 4 முதல் 6 பங்கு பீட்டா குளூக்கான் இருக்கும். ஆகவே 3 கிராம் கிடைக்க 50 முதல் 75 கிராம் வரை பார்லியைச் சாப்பிட வேண்டும். 100 மில்லி பிடிக்கும் சின்ன டம்ளரில் முக்கால் டம்ளர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி, நம் வீட்டுப் பார்லித் தண்ணீருக்கு வருவோம். இரண்டு பெரிய கரண்டி பார்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் போடுகிறோம். அது 25 கிராம் இருக்கும். அதில் உள்ள பீட்டா குளூக்கான் முழுவதும் சேர்த்தே ஒரு கிராம் அல்லது கொஞ்சம் கூட. அதிலும் ஒரு பகுதிதான் தண்ணீரில் இறங்கும். மற்றது மணியிலேயே தங்கிவிடும். அந்தத் தண்ணீரை வீட்டில் நாலு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு என்ன கிடைக்கும்?

பார்லித் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. தாகத்துக்கு நல்லது. காய்ச்சலில் வாய்க்கு இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரையையும் கொழுப்பையும் குறைக்க அது போதாது.

அது மட்டும் அல்ல. பார்லியை முளைகட்டித் தயாரிக்கும் மால்ட் பானங்களிலும் இந்தப் பலனை எதிர்பார்க்கக் கூடாது. முளைவிடும்போது தானியமே இந்த நாரைச் சிதைத்துவிடுகிறது. பீர் கூடப் பார்லியில்தான் தயாராகிறது. அதைச் சொல்லிக்கொண்டு யாரும் புறப்பட்டுவிட வேண்டாம்!

ஆராய்ச்சி சொல்வது

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு புரூக்ஸ் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் நம் ஊர்ச் சப்பாத்தியை வைத்தே ஒரு பரிசோதனை செய்தார்கள். சப்பாத்தி மாவில் பார்லி பீட்டா குளூக்கானைப் பல அளவுகளில் கலந்தார்கள். சாப்பிட்டவர்களின் ரத்தத்தில் சர்க்கரை எப்படி ஏறுகிறது என்று பார்த்தார்கள். ஒரு வேளைக்கு 4 கிராமும் அதற்கு மேலும் கலந்தபோது சர்க்கரை ஏறுவது தெளிவாகக் குறைந்தது. முடிவை 2009-ல் வெளியிட்டார்கள்.

கொழுப்பைப் பற்றி 14 பரிசோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஆராய்ச்சி ஒன்று 2016-ல் வெளியாயிற்று. பார்லி நார் சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் சராசரியாக 100-க்கு 7 பங்கு குறைந்தது. ஆனால் அந்தப் பரிசோதனைகளில் பெரும்பாலும் 3 கிராமைவிட அதிகமாகவே கொடுத்திருந்தார்கள்.

100-க்கு 7 என்பது பெரிய அதிசயம் அல்ல. மாத்திரை இதைவிட அதிகமாகக் குறைக்கும். ஆனால் தினம் சாப்பிடும் சாப்பாட்டிலேயே 7 பங்கு குறைகிறது என்றால் அதை ஏன் விட வேண்டும்?

பார்லி உதவிக்கு வரும் நண்பன். வைத்தியரின் இடத்தில் உட்கார வைக்கக் கூடாது. இதை மறந்ததால்தான் எங்கள் வீட்டில் வினை வந்தது.

"அச்சு சரியில்லையே!"

என் தகப்பனார் பஞ்சாலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். 12 வருடங்களாகச் சர்க்கரை வியாதி. மாத்திரையிலேயே ஓட்டிக்கொண்டிருந்தார்.

காலையில் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பார். அங்கே யாரோ ஒருவர் சொல்லிவிட்டார்: "பார்லித் தண்ணி குடிங்க. சர்க்கரை பறந்துரும்."

மறுநாளே வீட்டுக்குப் பார்லி வந்தது. அம்மா காய்ச்சினார். என் மனைவி வடிகட்டிக் கொடுத்தாள். அப்பா ஒரு பெரிய டம்ளர் குடித்தார். வெந்த பார்லி வாசலில் மாட்டுக்குப் போயிற்று. மாடு கொடுத்து வைத்தது!

மத்தியானம் வழக்கம் போல வட்டில் நிறையச் சோறு. சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை. "மாமா, போதுமே" என்று என் மனைவி தயங்கினால், "அதுதான் பார்லி குடிக்கிறேனே அம்மா" என்பார். அதே தைரியத்தில் சாயங்காலம் கடைத் தெருவுக்குப் போனால் ஒரு கை அல்வா.

எங்களுக்குத் தெரியாத காரியம் ஒன்றும் நடந்துகொண்டிருந்தது. மாத்திரையில் பாதியை அவர் நிறுத்திவிட்டார். பார்லியை நம்பி!

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

"ஏன்டா தம்பி, உங்க பத்திரிகையிலே இப்ப அச்சு சரியில்லையே? எழுத்தெல்லாம் கலங்குது. நடுவிலே மை கொட்டின மாதிரி இருக்குது. பார்க்கச் சொல்லக் கூடாதா?"

நான் பத்திரிகையை வாங்கிப் பார்த்தேன்.

அச்சு நன்றாகத்தான் இருந்தது.

அன்று நான் பட்ட வேதனையை எழுத முடியாது. மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். கண்ணின் உள்ளே விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக் குழாய்கள் கசிந்திருந்தன. சர்க்கரை வியாதியின் வேலை.

டாக்டர் ஒரு பெண்மணி. பொறுமையாக மூன்று கேள்விகள் கேட்டார்.

"அய்யா, பார்லியை என்ன செய்தீர்கள்?"

"தண்ணியைக் குடிச்சேன் அம்மா. சக்கையை மாட்டுக்குப் போட்டோம்."

"சோற்றைக் குறைத்தீர்களா?"

"இல்லை அம்மா."

"மாத்திரை?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"இது ஒரு வருடத்தில் வந்ததல்ல, அய்யா. பல வருடங்களாக உள்ளே நடந்துகொண்டிருந்தது. ஆனால் மாத்திரையைக் குறைத்த இந்த ஒரு வருடம் அதற்குச் சவுக்கடி கொடுத்துவிட்டது. பார்லி மேல் தப்பில்லை. நீங்கள் பார்லியைச் சாப்பிடவே இல்லையே!" என்றார் டாக்டர்.

லேசர் சிகிச்சை நடந்தது. போன பார்வை முழுவதும் திரும்பவில்லை. இருக்கிற பார்வை நிலைத்தது. அதுவே பெரிது.

ஏழு பேரில் ஒருவர்

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் அல்ல.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் உதவியோடு நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ல் வெளியாயிற்று. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 100-க்கு 14 பேருக்கு மேல். அதாவது ஏழு பேரில் ஒருவர்!

மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். அன்று குருட்டுத்தனம் என்றால் முக்கியமாகக் கண்புரைதான். கண்புரையால் போன பார்வை ஆபரேஷன் செய்தால் திரும்பிவிடும். சர்க்கரையால் விழித்திரை கெட்டால் அப்படித் திரும்புவது கஷ்டம். வருமுன் காக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு பேருக்கு இந்த வியாதி? பரம்பரை, உடல் உழைப்புக் குறைவு, தொந்தி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று நம் இலையில் இருக்கிறது.

1895-ல் முல்லைப் பெரியாறு அணை திறந்தது. மலைக்கு அந்தப் பக்கம் ஓடிய தண்ணீர் வைகைக்கு வந்தது. மேலூரிலும் வாடிப்பட்டியிலும் நெல் விளைந்தது. பஞ்சம் தீர்ந்தது. அது பெரிய புண்ணியம். ஆனால் கம்பும் சோளமும் வரகும் மெல்ல மெல்லப் பின்னால் போயின. அரிசியும் ஆலையில் தீட்டத் தீட்ட வெளுத்தது. அன்று வயலில் நாள் முழுவதும் உழைத்தவர்கள் சாப்பிட்ட அளவுச் சோற்றை, இன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற நாம் சாப்பிடுகிறோம். அதுவும் நார் இல்லாத சோறு.

ஜப்பான் கப்பல்

தீட்டிய அரிசியால் துன்பப்பட்டது நாம் மட்டும் அல்ல.

ஜப்பான் கடற்படையில் ஒரு காலத்தில் மாலுமிகள் "பெரி பெரி" என்ற நோயால் மடிந்தார்கள். 1883-ல் ஒரு போர்க்கப்பல் நீண்ட பயணம் முடிந்து திரும்பியது. அதில் இருந்த 376 பேரில் 169 பேருக்கு நோய். 25 பேர் இறந்தார்கள். தகாகி என்ற கடற்படை டாக்டர், வெள்ளை அரிசிச் சோறே காரணம் என்று சந்தேகப்பட்டார். அடுத்த வருடம் அதே பாதையில் போன வேறொரு கப்பலில் சாப்பாட்டை மாற்றினார். பெரி பெரியால் ஒருவர் கூட இறக்கவில்லை. பிறகு மாலுமிகளுக்கு அரிசியோடு பார்லியையும் கலந்து சமைத்துக் கொடுத்தார்கள். நோய் ஓடியது. தகாகிக்கு "பார்லிப் பிரபு" என்றே பெயர் வந்தது!

அந்த நோய்க்குக் காரணம் நார்க் குறைவு அல்ல, வைட்டமின் பி-1 குறைவு என்பது பிற்பாடு தெரிந்தது. தகாகி காரணத்தைத் தவறாக நினைத்தார். ஆகாரத்தைச் சரியாகக் கொடுத்தார்.

நம் நீலகிரியில் குன்னூரில் 1918-ல் மக்காரிசன் என்ற டாக்டர் இதே பெரி பெரியை ஆராயச் சின்ன நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்துக்குப் போய், இன்று தேசிய சத்துணவு ஆராய்ச்சி நிலையமாக இருக்கிறது. மேலே சொன்ன நார்க் கணக்கைப் போட்டது அந்த நிலையம்தான்.

அன்று தீட்டி எறிந்தது வைட்டமின். இன்று வடித்துக் கொட்டுவது நார்.

எப்படிச் சமைப்பது?

இல்லத்தரசிகளே! இனி உங்கள் பாடு.

பார்லியை இரவிலேயே ஊறப் போடுங்கள். காலையில் ஒரு பங்கு பார்லிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்துக் குக்கரில் நாலைந்து விசில் வரும் வரை வேக விடுங்கள். மிஞ்சிய தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதோடு சேர்த்தே பரிமாறுங்கள். சாம்பாருக்கும் ஒத்துவரும். வற்றல் குழம்புக்கும் ஒத்துவரும். அரிசி போல மெத்தென்று இராது. கொஞ்சம் மென்று சாப்பிட வேண்டும். மெல்லுவது நல்லதுதான்.

பார்லிப் பொங்கல்: பார்லியும் பாசிப்பருப்பும் சேர்த்து வேக வைத்து, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்தால் போதும். நெய்யைக் கண்ணில் காட்டினால் போதும். ஊற்ற வேண்டாம்.

பார்லிக் கஞ்சி: வேக வைத்துக் கடைந்து, ஆறியதும் மோர் விட்டு, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். சித்திரை வெயிலுக்கு ஏற்றது.

இட்லி மாவு: நாலு பங்கு அரிசி போடுகிற இடத்தில் இரண்டு பங்கு அரிசி, இரண்டு பங்கு பார்லி. உளுந்து வழக்கம் போல. தோசை நன்றாக வரும்.

சப்பாத்தி: மூன்றில் ஒரு பங்கு பார்லி மாவு கலக்கலாம்.

முக்கியமான விஷயம் ஒன்று. பார்லி சோற்றுக்குப் பதிலாக வர வேண்டும். சோற்றோடு கூடுதலாக வரக் கூடாது. பார்லியும் தானியம்தான். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து 78 கிராம் என்றால் பார்லியிலும் 61 கிராம் இருக்கிறது. வட்டில் நிறையச் சோறும் தின்று, அதன் மேல் பார்லிப் பொங்கலும் தின்றால் சர்க்கரை ஏறத்தான் செய்யும்.

பார்லி வாங்க வசதி இல்லையா? கவலை வேண்டாம். கரையும் நார் பார்லிக்கு மட்டும் சொந்தம் அல்ல. வெந்தயத்தில் இருக்கிறது. அவரைக்காய், வெண்டைக்காய், தட்டைப்பயறு, கொய்யாப்பழம் எல்லாவற்றிலும் இருக்கிறது. வெந்தயம் சர்க்கரையைக் குறைக்க உதவுவதை ஐதராபாத் நிலையத்தாரே ஆராய்ந்து 1990-ல் எழுதியிருக்கிறார்கள்.

யார் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

கோதுமை ஒத்துக்கொள்ளாத "சீலியாக்" என்ற குடல் நோய் உள்ளவர்கள் பார்லியைத் தொடக் கூடாது. கோதுமையில் உள்ளது போன்ற புரதம் பார்லியிலும் இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள், சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். சோறு குறைந்து, மருந்து அதே அளவில் இருந்தால், சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. நம் வேலை அல்ல.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கேட்டுக்கொண்டே சாப்பிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்குக் கால் வீங்கினால் பார்லித் தண்ணீரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். ரத்தக் கொதிப்பால் வந்த வீக்கமாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

புதிதாகச் சாப்பிடுகிறவர்களுக்கு முதலில் வயிறு உப்பும். முதல் வாரம் ஒரு கைப்பிடியோடு நிறுத்துங்கள். பிறகு கூட்டிக்கொள்ளலாம். தண்ணீர் தாராளமாகக் குடியுங்கள்.

வடிகட்டி எங்கே?

எங்கள் வீட்டில் இப்போது இரவில் பார்லிதான். ஒரு நாள் பொங்கல், ஒரு நாள் தோசை, ஒரு நாள் கஞ்சி. மத்தியானச் சோறு பாதியாகிவிட்டது. மாத்திரையை அம்மா எண்ணிக் கொடுக்கிறார். அப்பா விழுங்கிய பிறகுதான் அந்த இடத்தை விட்டு நகர்கிறார். டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் தவறாமல் நடக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. அதில் பார்லிக்கு எவ்வளவு பங்கு, மாத்திரைக்கு எவ்வளவு பங்கு, தெப்பக்குளத்து நடைக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் சேர்ந்துதான் வண்டி ஓடுகிறது.

வாசல் மாட்டுக்குத்தான் நஷ்டம்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அல்வாக் கதையை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை.

கடைசியில் கேட்டார்: "வடிகட்டியைப் பத்தி எழுதிட்டியா?"

"எழுதிவிட்டேன் அப்பா."

"இப்ப அது டீக்கு மட்டும்தான்னு எழுது."

எழுதிவிட்டேன். வாசகர்களே, உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும்!